மாரித்தாயின் கம்பளி நிக்கரும் ஒரு கொக்கியும்

மாரித்தாயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் ஸ்வெட்டரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. காப்பிக்கொட்டை நிறம். கோயமுத்தூரில் வாங்கியது. முழங்கை இரண்டும் தேய்ந்து போயிருந்தாலும் இன்னும் நாலு மழைக்காலம் தாங்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவி கமலாத்தாள் நம்பவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதைத் தேயிலைக் கொழுந்து எடுக்கும் மாரித்தாயிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"ஏனுங்க, ஓட்டச் சட்டைக்கு இத்தன ரோசமா? அந்தப் புள்ள குளுருக்குப் போட்டுக்கட்டும்னு குடுத்தேனுங்க" என்றாள்.

மாரித்தாய் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டே நாளில் கழுத்திலிருந்து பிரித்து, நூலை அலசிக் காயவைத்து, தேங்காய் அளவுக்கு உருண்டையாகச் சுற்றிவிட்டாள். கேள்விப்பட்டதும் எனக்கு வந்த கோபத்தில் கமலாத்தாளோடு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போது நான் போடிமெட்டிலிருந்து நாலு மைல் உள்ளே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கம்பவுண்டர். சொந்த ஊர் கொல்லங்கோடு. கேரளம் தனி மாநிலமானபின் வந்த முதல் மழைக்காலம் அது. டாக்டர் திங்கட்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் ஆறுமுகசாமியாகிய நான்தான் டாக்டர் என்று லயம் என்கிற கூலி வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் நினைத்தார்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை.

மாரித்தாய்க்கு இருபத்தாறு வயதிருக்கும். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் பிறந்து, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மொக்கையனைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தவள். ராசம்மாள் என்று ஆறு வயதில் ஒரு மகள். மாரித்தாய் சரியான பயந்தாங்கொள்ளி. இடிக்குப் பயம், துரை வீட்டு நாய்க்குப் பயம், மலைப்பாதை வளைவுகளுக்குப் பயம். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நானும் அதே ஜாதிதான். என்னிடம் ஒரு வெள்ளைக் கோட்டு இருந்ததால் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட அவளுக்கு அட்டை என்றால்தான் பயம். கரிசலில் அட்டை ஏது? மலைக்கு வந்த முதல் மழையில் ஒரு அட்டை காலில் ஏறி, முழங்காலைத் தாண்டி, தொடையையும் தாண்டிப் போயிருக்கிறது. நடுக்காட்டில், ஆண்களும் பெண்களுமாக அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, சேலையைத் தூக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்ற இடத்திலேயே அலறியிருக்கிறாள். அதன்பிறகு ஒவ்வொரு ஜூன் மாதமும் அவளுக்குச் சோறு இறங்காது. புகையிலைத் தண்ணீரைக் காலில் பூசிப் பார்த்தாள். ஒரு மழைக்கு நிற்கவில்லை.

மொக்கையனின் காக்கி நிக்கரை ஒருநாள் சேலைக்குள் போட்டுக்கொள்ளக் கேட்டாளாம். "பொம்பள நிக்கர் போட்டான்னு தெரிஞ்சா நான் இந்தத் தோட்டத்துல தலை நிமுந்து நடக்க முடியுமாடி?" என்று அவன் கத்தியிருக்கிறான். தையல்காரனிடம் போனால் அளவு கொடுக்க வேண்டும். அதற்கு அட்டையே தேவலை. அதனால் தன் நிக்கரைத் தானே வீட்டுக்குள் உட்கார்ந்து பின்னிக்கொள்வது என்று முடிவு செய்தாள். அதற்குத்தான் என் ஸ்வெட்டர்.

பக்கத்து வீட்டு அன்னமேரி திருநெல்வேலியில் மிஷன் பள்ளிக்கூடத்தில், நுனி வளைந்த ஒற்றை ஊசியால் பின்னும் குரோஷாப் பின்னல் படித்தவள். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் லயத்தில் அந்த ஊசிக்கு 'கொக்கி' என்று பெயர். அன்னமேரி தன் எஃகுக் கொக்கியை யாருக்கும் இரவல் தரமாட்டாள். ஆகவே மாரித்தாய் பழைய குடைக்கம்பி ஒன்றை ஒடித்து, மொக்கையன் கவ்வாத்துக் கத்தி தீட்டும் கல்லில் தேய்த்து, நுனியில் அரத்தால் ஒரு வாய் வெட்டித் தனக்கென்று ஒன்று செய்துகொண்டாள்.

இடுப்புச் சுற்றளவுக்குச் சங்கிலிப் பின்னல் போட்டு, இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக்கி, அதன்மேல் சுற்றிச் சுற்றிப் பின்னி இறக்க வேண்டியது. அதுவரை அன்னமேரிக்குத் தெரியும். கவட்டைக்கு வந்ததும் அவளுடைய படிப்பு நின்றுவிட்டது. "நான் மேசை விரிப்புதான் பின்னியிருக்கேன். மேசைக்கு ஏது கவட்டை?" என்று கையை விரித்துவிட்டாள். மாரித்தாய் தானே யோசித்தாள். முன்பக்க நடுவையும் பின்பக்க நடுவையும் ஒரு சின்னப் பாலம் போட்டு இணைத்தாள். ஒரு வளையம் இரண்டானது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி இறக்கினால் இரண்டு கால்.

பாலம் குட்டையாகிப் போனதால் முதல்முறை போட்டபோது குத்தவைத்து உட்காரவே முடியவில்லை. பிரித்தாள். பாலத்தில் பத்துக் கண்ணி கூட்டினாள். இந்தமுறை உட்கார முடிந்தது. போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனாள். ஒரு மணி நேர மழையில் கம்பளி தண்ணீரைக் குடித்துக் கனத்து, இறுக்கிக் கட்டிய நாடாவையும் மீறி முழங்காலுக்கு இறங்கிவிட்டது. பக்கத்து நிரையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு எங்கள் டிஸ்பென்சரி வரை கேட்டது. அவள் அசரவில்லை. திரும்பவும் மொத்தத்தையும் பிரித்தாள். கொக்கியை இன்னும் மெல்லிசாகத் தீட்டி, கண்ணிகளை நெருக்கி நெருக்கிப் போட்டாள். ஒரு கண்ணி இறுகிக்கொண்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். இரண்டாவது காலின் கடைசி வரிசையில் குடைக்கம்பியின் நுனி ஒடிந்துவிட்டது.

அரிசி அளவு நுனி. பாயை உதறினாள், தரையைக் கூட்டினாள், மடியைத் தடவினாள். கிடைக்கவில்லை. மீதி வரிசையை அன்னமேரியே போட்டுக் கொடுத்தாள். நிக்கர் முடிந்தது. அடுத்த நாள் மழையில் அது இறங்கவில்லை, அட்டையும் ஏறவில்லை. கல்யாணமாகி மலைக்கு வந்த ஏழு வருஷத்தில் பயமில்லாமல் கொழுந்து எடுத்தது அந்தப் பத்து நாள்தான் என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

நிக்கர் தொடையைக் காத்தது. பாதம் வெறுமையாகத்தானே இருந்தது? கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து பாதத்து வழியாக உடம்புக்குள் ஏறி, குடலில் ரத்தம் குடிக்கிற ஜந்து. அது எப்போதோ ஏறிவிட்டிருந்தது.

மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயிற்றில் பிடுங்குகிறது என்று டிஸ்பென்சரிக்கு வந்தாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தீப்பெட்டியில் மலம் கொண்டுவரச் சொல்லி வாங்கி வைத்தேன். திங்கட்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு, "கொக்கிப்புழு. ரத்தமே இல்லை. இன்னும் ஒரு மாசம் விட்டால் இதயம் தாங்காது. நாலு நாள் இரும்பு மருந்து கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை பேதிக்குக் கொடுத்துவிடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஜீப் ஏறிவிட்டார்.

அன்று முடிவு கேட்க மாரித்தாய் வந்தபோது நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கமலாத்தாள் சுட்ட இட்லி, பூப்போல. அதை வாயில் வைத்துக்கொண்டு 'புழு' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் லயத்தில் எவனும் புழு என்று சொல்லமாட்டான், பூச்சி என்பான். நான் பூச்சி என்றாவது சொல்லியிருக்கலாம். படித்தவன் அல்லவா? வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் சொன்னேன்.

"மாரித்தாயி, உன்ற வயித்துல கொக்கி இருக்குது. டாக்டர் பாத்துட்டாரு. இரும்புக்கு இந்த மருந்த நாலு நாள் குடி. வெள்ளிக்கெழம வெறும் வயித்தோட வந்துரோணும், பேதிக்குக் குடுத்து வெளிய எடுத்துரலாம். வராம இருந்துட்டா உசுருக்கே ஆபத்து, ஆமா."

அவள் மருந்துப் புட்டியை வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி வெளியே போனாள். நான் அடுத்த இட்லியைப் பிட்டேன்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணிகளை எண்ணும்போது கொக்கியைப் பல்லுக்கிடையில் கவ்விக்கொள்வாள். தொலைந்த நுனி அவள் வயிற்றுக்குள்தான் போயிற்று என்பதை நானே வாயால் சொல்லிவிட்டேன் அல்லவா? அன்னமேரியைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் டாக்டருக்குத் தெரிந்திருக்கிறது. கொக்கி என்கிறார்கள், இரும்பு என்கிறார்கள். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் குனியவில்லை. குனிந்தால் குத்திவிடும் என்று பயம். இருமல் வந்தால் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்ல இருமினாள். சோற்றை நிறுத்திவிட்டு வாழைப்பழத்தை மட்டும் விழுங்கினாள், பழம் போய்க் கொக்கியைச் சுற்றிக்கொள்ளும் என்று. இரும்பு மருந்தை மட்டும் வேளை தவறாமல் குடித்தாள். அந்த மருந்து குடித்தால் மலம் தார் போலக் கறுப்பாகப் போகும். அதை முன்கூட்டியே சொல்லவேண்டியது என் கடமை, மறந்துவிட்டேன். புதன்கிழமை அவள் பார்த்தாள். கொக்கி உள்ளே துருப்பிடித்துக் கரைகிறது, குடல் அழுகுகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் கத்திய நிக்கர் கதையைத் திரும்பக் கிளப்ப வேண்டும். சொன்னால் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் வயிற்றைக் கிழிப்பார்கள். மலைப்பாதையில் டோலி கட்டி இறக்கப்பட்ட யாரும் நடந்து திரும்பி வந்ததை அவள் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. எனக்குக் கோபம். பெயர் எழுதி வைத்தவள் வராவிட்டால் டாக்டரிடம் நான்தான் ஏச்சு வாங்க வேண்டும். மத்தியானம் குடையை எடுத்துக்கொண்டு லயத்துக்கே போனேன். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகாமல் வீட்டுக்குள் சுவரோடு சாய்ந்து நேராக உட்கார்ந்திருந்தாள். கையில் அன்னமேரி யாருக்கும் தராத அந்த எஃகுக் கொக்கி. மடியில் உள்ளங்கை இரண்டு அகலத்துக்கு ஒரு குட்டி நிக்கர். நிறத்தைப் பார்த்ததும் என் ஸ்வெட்டர் என்று தெரிந்துவிட்டது. பத்து நாள் போட்ட தன் நிக்கரைப் பிரித்து மகளுக்குப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்குதா? உசுரு போற சீக்குன்னு சொன்னேன், நீ இங்க உக்காந்து பின்னிட்டிருக்கிறே?" என்று சத்தம் போட்டேன்.

"எனக்குப் பொறவு ராசம்மாளுக்கு ஆருய்யா பின்னிக் குடுப்பா?" என்றாள். அழவில்லை. "பேதி மட்டும் குடுக்க வேண்டாம்யா. கொக்கி கொடலைக் கிழிச்சிக்கிட்டுல்ல வெளிய வரும். இப்படியே இருந்தா இந்த ஒண்ணையாவது முடிச்சிருவேன்."

"எந்தக் கொக்கி?" என்றேன்.

பாய்க்கு அடியிலிருந்து நுனி ஒடிந்த குடைக்கம்பியை எடுத்துக் காட்டினாள். எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாப்பாட்டுக்கு வந்திருந்த மொக்கையன் வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் சிரித்தபடியே, அது கொக்கிப்புழு, பூச்சி, நூல் மாதிரி இருக்கும், எல்லார் வயிற்றிலும் இருப்பதுதான் என்று விளக்கினேன்.

அவள் சிரிக்கவில்லை. "மருந்து குடிக்க வைக்கதுக்காக இப்பப் பூச்சிங்கீக. அன்னைக்குக் கொக்கின்னுதான சொன்னீக? நான் சாகப்போறேன்னு இட்லி தின்னுக்கிட்டே சொன்னீகளேய்யா. நாலு நாளா எனக்கு அதுதான் கண்ணுக்குள்ளயே நிக்கி."

என் சிரிப்பு அத்தோடு அடங்கியது. வெட்கமாக இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து பழத்தோடு வந்த அன்னமேரி தன் பங்குக்குச் சொன்னாள்: "இவ எப்பப் பாத்தாலும் கொக்கியப் பல்லுலதான்யா வச்சிருப்பா. ஒடைஞ்ச அன்னைக்கும் வாயிலதான் இருந்துச்சு. நானும் கூட உக்காந்து தேடுனேன், கெடைக்கவே இல்ல."

அப்போதுதான் பயம் எனக்குத் தொற்றியது. வயிற்றில் புழு இருப்பது நிச்சயம். கொக்கி இல்லை என்பது யாருக்குத் தெரியும்? ஒருவேளை நிஜமாகவே விழுங்கியிருந்தால்? நான் பேதிக்குக் கொடுத்து, அது எங்காவது மாட்டி, குடல் கிழிந்தால்? கொடுக்காமல் விட்டால் புழு மிச்ச ரத்தத்தையும் குடித்துவிடும். டாக்டரைக் கேட்கலாம் என்றால், போடிமெட்டுப் பாதையில் முந்தின நாள் மண் சரிந்து வண்டி எதுவும் ஓடவில்லை. எக்ஸ்ரே எடுக்க மதுரைக்குப் போகவேண்டும். மேடு ஏறவே முடியாதவளை மழையில் எப்படி இறக்குவது? வீட்டுக்கு வந்து மருத்துவப் புத்தகத்தைப் புரட்டினேன். குடைக்கம்பியைப் பற்றி ஒரு வரி கிடையாது. கமலாத்தாள் வைத்த காப்பி ஆறிப்போனது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மருந்தை எடுத்துக்கொண்டு போனேன். மொக்கையன் ராசம்மாளை அன்னமேரி வீட்டில் விட்டுவிட்டு, மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். நிக்கரைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. "குடி புள்ள, அய்யா இங்கனயேதான் இருக்காக" என்று மட்டும் சொன்னான். அவள் என் கையையே பார்த்தாள். மருந்தை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினேன். குளோரோபாரம் போல நாறும் அந்தக் குளிகையை விழுங்கினாள். பேதி உப்பைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தேன். அப்படிக் குறைக்கலாம் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. பயம் சொன்னது, செய்தேன்.

வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே அவள் முனகும்போதெல்லாம் எழுந்து எட்டிப் பார்த்தேன். கொல்லங்கோட்டில் எங்கள் அப்பாவின் மளிகைக் கடையிலேயே இருந்திருக்கலாம் என்று அன்று பலமுறை நினைத்தேன். பத்து மணிக்கு மேல் வயிறு போக ஆரம்பித்தது. பின்பக்கம் ஒரு பழைய டின்னில் போகச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் வந்தன. ரத்தப் பெருக்கு இல்லை. கொக்கியும் இல்லை.

ஒவ்வொரு முறையும் அவள் உள்ளேயிருந்து, "வந்திருச்சாய்யா?" என்று கேட்டாள். "பூச்சி வந்துருக்குது" என்றேன். "அது வந்திருச்சாய்யா?" என்றாள். அந்தக் குரலை ஐந்தாவது முறை என்னால் தாங்க முடியவில்லை. இந்தப் பயத்தோடு விட்டால், புழுவிடமிருந்து தப்பினாலும் இவள் சோறு தின்னாமலே செத்துப்போவாள் என்று தோன்றியது. லயத்தின் பின்னால் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனேன். என் குடையை விரித்து ஒரு கம்பியை வளைத்து வளைத்து ஒடித்தேன். நுனியை அரிசி அளவுக்கு நறுக்கிக் கல்லில் இரண்டு தேய்ப்புத் தேய்த்தேன். கழுவினேன். ஒரு காகிதத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"வந்துருச்சு மாரித்தாயி! இதா பாரு!" என்று கூவினேன். என் குரல் எனக்கே நாடகக்காரன் குரலாகக் கேட்டது.

அவள் எழுந்து உட்கார்ந்து காகிதத்தை வாங்கிக்கொண்டாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அரிசி அளவு இரும்பை அத்தனை நேரம் பார்த்தவர்களை நான் கண்டதில்லை.

"என்னோடது கறுத்த கம்பிய்யா. இது மினுங்குது" என்றாள் மெதுவாக. "அத்தன நாள் வயித்துக்குள்ள கெடந்தது இப்படி மினுங்குமா?" பிறகு கதவு வழியாக வெளியே பார்த்தாள். ஸ்டூலில் நான் சாய்த்து வைத்திருந்த குடை ஒரு பக்கம் சிறகு ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மொக்கையன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் குடையிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப நீங்களும் பயந்துதான் போயிருக்கீகளாய்யா?"

வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அதுவரை நான் யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னேன். "ஆமா மாரித்தாயி. நேத்து மத்தியானத்துல இருந்து எனக்குப் பயந்தான். உள்ள இருக்குதா இல்லியான்னு எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். ஐந்து நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை வந்தது, குனிந்து, முழங்காலில் முகம் வைத்து அழுதாள். குனிந்தால் குத்தும் என்பதையே மறந்துவிட்டாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, "நீங்க எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டே மறைக்கீகன்னுல்லய்யா நான் நெனச்சேன்" என்றாள். பிறகு மொக்கையனிடம் கஞ்சி கேட்டாள்.

மறு மாதம் அவள் இமையில் சிவப்பு ஏறியது. அதன்பிறகு இருபத்திரண்டு வருஷம் அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். தனக்கு ஒரு நிக்கர், மகளுக்கு ஒரு நிக்கர் என்று வருஷா வருஷம் பின்னினாள். பிறகு மற்ற பெண்களும் பழைய கம்பளிச் சட்டைகளைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்கள். அந்த நுனி கடைசிவரை கிடைக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரி வாசலில் வந்து நிற்பாள். எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் நேரே என்னிடம் வந்து, "அய்யா, அதுவா இருக்குமோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்பாள்.

நான் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, "தெரியல மாரித்தாயி" என்பேன்.

"சரிய்யா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவாள்.